அரக்கு அரக்காகத் தெரிய ஒரு விளக்கு: ஆரி மேசைக்கு நான் வாங்கியதும் விட்டதும்

என் மேசை இழுப்பறையில் இரண்டு பட்டு நூல்கண்டுகள் இருக்கின்றன. இரண்டும் அரக்கு நிறம். ஒன்று இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் வாங்கியது. மற்றது என் நாத்தனார் சென்னையிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. இரவு பத்து மணிக்கு எங்கள் கூடத்து விளக்கின் கீழ் இரண்டையும் ஒட்டி வைத்தால் எது எங்கே வாங்கியது என்று என்னாலேயே சொல்ல முடியாது. காலையில் காரிடாரில் வைத்துப் பார்த்தால் ஒன்று குங்குமத்தில் கறுப்பு கலந்த மாதிரி செழிப்பாக நிற்கும். மற்றது மழையில் நனைந்த பழைய செங்கல்.

தங்கை மகள் கல்யாணத்துக்கு நான் ஆரி (கொக்கி ஊசியால் போடும் எம்ப்ராய்டரி) போட்டுக் கொடுத்த ரவிக்கையில் வலது கை முழுக்க முதல் நூல், இடது கை முழுக்க இரண்டாவது நூல். தெரிந்து செய்யவில்லை. பகலில் எனக்கு வேலை. ஊசியை எடுப்பது சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகுதான். மூன்று வாரம், ஒவ்வோர் இரவும் இரண்டு மணி நேரம், ஈசூன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போட்ட வேலை. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் காலை முகூர்த்தம். வெளிச்சத்தில் பெண் மாலையைச் சரிசெய்யக் கையைத் தூக்கினாள். அப்போதுதான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற தங்கை மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, ரெண்டு கையும் வேற வேற மாதிரி இருக்கே?"

அந்த வாரமே கண் பரிசோதனைக்குப் போனேன். கண்ணாடி எண் சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னபோது, அவன் இரண்டு நூலையும் வாங்கி ஒருமுறை விளக்கடியிலும் ஒருமுறை ஜன்னலிலும் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க கண்ணுல ஒண்ணுமில்ல. லைட்டுலதான்" என்றான். அங்கே தொடங்கியது இந்தத் தேடல். கிட்டத்தட்ட ஒரு வருடம். வாங்கி ஏமாந்தது ஒன்று, வாங்கி ஏழு மாதமாகத் தினமும் எரிவது ஒன்று, துணைக்கு இன்னொன்று. ஆரி போடுகிறவர்கள், கோலப்பொடி கலக்குகிறவர்கள், தஞ்சாவூர் ஓவியம் வரைகிறவர்கள், சின்னச் சின்னப் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவர்கள் யாராக இருந்தாலும் இதே சிக்கல் வரும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில், ஏன் பகல் வெளிச்சத்திலேயே செய்யக் கூடாது என்று கேட்பார்கள். நமக்குச் சூரியன் ஏழு மணிக்கு வந்து ஏழு மணிக்குப் போகிறது, வருடம் முழுக்க ஏறக்குறைய அப்படித்தான். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு மணி நேரம் கையில் இல்லை. வார இறுதியில் உட்காரலாம் என்றால், ஓவிய வகுப்புகளில் சொல்வார்களே, வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் நிலையானது என்று, அது இந்த ஊரில் பாதி வருடம் பொய்த்துவிடும். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் நம் தலைக்கு வடக்கே போகும். என் வடக்கு ஜன்னலில் ஜூன் மாதம் காலை வெயில் துணி இழுத்துக் கட்டும் சட்டத்தின் மேலேயே விழும். பட்டு வெளுத்துவிடும் என்ற பயத்தில் திரையை இழுக்க வேண்டிவரும். திரை நீலம். பிறகு எல்லாமே நீலம்.

விளக்கு ஏன் நிறத்தை மாற்றிக் காட்டுகிறது என்பதை மகன் எனக்குப் புரியவைத்த விதத்திலேயே சொல்கிறேன். வெள்ளை எல்இடி என்று நாம் வாங்குவது உள்ளுக்குள் ஒரு நீல விளக்கு. நீல ஒளி தரும் சிறிய சில்லு, அதன் மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூச்சு. அந்த நீல எல்இடிக்காகத்தான் 2014இல் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகப் படுகிறது. ஆனால் மலிவான விளக்கில் அந்த வெள்ளைக்குள் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. அரக்கு நூல் தானாக ஒளி விடுவதில்லை. தன் மேல் விழும் ஒளியில் உள்ள சிவப்பை மட்டும் திருப்பித் தருகிறது. கொடுக்காத சிவப்பை அது எங்கிருந்து தரும்? அதனால்தான் என் கூடத்தில் அரக்கும் செங்கலும் ஒரே மண் நிறமாகிவிட்டன.

இதை அளக்க ஓர் எண் இருக்கிறது. சிஆர்ஐ என்பார்கள். பெட்டிகளில் ஆர்ஏ என்றும் போட்டிருக்கும். 100 என்றால் ஒப்பிடும் ஒளிக்குச் சமமாக நிறங்களைக் காட்டுகிறது என்று பொருள். வீட்டு விளக்குகள் பெரும்பாலும் 80ஐ ஒட்டியவை. எனக்கு உறைத்த விஷயம் அந்த எண் எப்படி வருகிறது என்பது. ஆர்1 முதல் ஆர்8 வரை எட்டு மாதிரி நிறங்களுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டு சராசரி எடுக்கிறார்கள். அந்த எட்டும் வெளிறிய நிறங்கள், குழந்தைகள் அறைச் சுவருக்கு அடிப்பார்களே, அந்த மாதிரி. நல்ல அடர்ந்த சிவப்பு ஆர்9. அது சராசரியில் சேர்வதே இல்லை. 80 வாங்கிய விளக்குக்கு ஆர்9 பூஜ்யமாக இருக்கலாம், பூஜ்யத்துக்குக் கீழேயும் போகலாம். கூட்டுத்தொகையில் நன்றாகத் தேறிய பிள்ளை தமிழில் முட்டை வாங்கியிருப்பது போல. நம் பட்டில் பாதி நிறங்கள் அந்த ஒரு பாடத்தில்தான் இருக்கின்றன: அரக்கு, குங்குமம், மிளகாய்ப்பழச் சிவப்பு, மாதுளை, ஊதாவில் சிவப்பு ஓடும் கத்தரிப்பூ, மஞ்சளில் சிவப்பு சேர்ந்த மாம்பழம்.

இது தெரியாமல்தான் முதல் விளக்கை வாங்கினேன். இணையத்தில், 19 வெள்ளி 90 காசு, ஐந்து மீட்டர் நீள எல்இடி நாடாச் சுருள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் 'சிஆர்ஐ 95'. வந்தது. ஒட்டினோம். வெளிச்சம் அபாரம், ஊசியின் கொக்கி கண்ணாடி போல் தெரிந்தது. நூல்களை வைத்தேன். இரண்டும் ஒரே மண். ஆர்9 எவ்வளவு, சோதனைத் தாள் இருக்கிறதா என்று மகன் விற்பனையாளருக்கு எழுதினான். வந்த பதிலில் அதே விளம்பரப் படம்தான் இருந்தது. அதைவிடப் பெரிய குறை, கூட வந்த அடாப்டரில் நம் ஊர்ப் பாதுகாப்பு முத்திரை இல்லை, செருகியும் இரண்டு முனை. இங்கே அடாப்டர்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள்கள். சேஃப்டி மார்க் இல்லாமல் விற்கக் கூடாது. இரவெல்லாம் எரியும் சாதனத்தைப் பட்டும் பருத்தியும் குவிந்த மேசைக்குக் கீழே அப்படியொரு அடாப்டரில் மாட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை. கழற்றிவிட்டேன்.

அதன் பிறகு ஒரு முடிவு எடுத்தேன். எந்த விளக்கை வாங்கினாலும் என் நூல் அதன் கீழே ஒருமுறை படுத்த பிறகுதான்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஒரு ஸிப் பையில் ஆறு பொருளை எடுத்துக்கொண்டேன். அந்த இரண்டு அரக்கு நூல்கள். எம்எஸ் நீலத்தில் ஒரு கண்டு. கிளிப்பச்சையில் ஒன்று. மயில்கழுத்துப் பட்டில் உள்ளங்கை அளவு துண்டு. வெள்ளைப் பருத்தித் துணி ஒரு கிழிசல். நியூட்டனில் மாறி ரோச்சோரில் இறங்கி சிம் லிம் டவருக்குப் போனேன். தேக்காவுக்கு நூல் வாங்க மாதம் ஒருமுறை போகிறவள், பத்து நிமிட நடையில் இருக்கும் இந்தக் கட்டடத்துக்குள் இருபது வருடத்தில் நுழைந்ததே இல்லை. உள்ளே மின்னணுப் பாகங்கள், ஒயர்கள், சுருள் சுருளாக எல்இடி. என் வயதில் பெண்கள் அதிகம் கண்ணில் படவில்லை. போகத் தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், யாரும் விரட்டவில்லை.

முதல் கடையில், "ஆன்ட்டி, திஸ் ஒன் வெரி பிரைட்" என்றார்கள். பளிச்சென்று இருந்தது உண்மை. நூல்கள் பிரியவில்லை. இரண்டாவது கடையில் பெட்டியில் 90 என்று இருந்தது. சிவப்பு கொஞ்சம் உயிர் பெற்றது. இரண்டு அரக்குக்கும் இடையில் ஏதோ ஒரு வித்தியாசம், சொன்னால் தெரியும், சொல்லாவிட்டால் தெரியாது. ஆர்9 கேட்டேன், தெரியவில்லை என்று நேர்மையாகச் சொன்னார். 90 என்பது மோசமில்லை. கலிபோர்னியா மாநிலத்தில் உயர்தர வீட்டு விளக்குக்கான விதி ஆர்ஏ 90, ஆர்9 குறைந்தது 50 என்று வைத்திருக்கிறார்கள். சமையலறைக்கும் கண்ணாடி முன் நின்று பொட்டு வைப்பதற்கும் அது தாராளம். நூல் பொருத்த எனக்கு அது போதவில்லை.

மூன்றாவது கடை மிகச் சிறியது. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும். வயதான சீன அங்கிள். நான் ஆர்9 என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "வாட் யு மேக்?" என்றார். பையைத் திறந்து காட்டினேன். ஆரி போட்ட ரவிக்கைக் கை ஒன்றின் படத்தைப் போனில் காட்டினேன். மேசையைத் துடைத்தார். அடியிலிருந்து ஒரு கோப்பு எடுத்தார். ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு சோதனைத் தாள். ஆர்1 முதல் ஆர்15 வரை பட்டை பட்டையாக வரைந்திருந்தது. ஒரு தாளில் ஆர்ஏ 97, ஆர்9 94. அந்தச் சுருளிலிருந்து ஒரு முழத்தை எரியவிட்டார், பக்கத்திலேயே சாதாரணச் சுருளையும் எரியவிட்டு நடுவில் ஓர் அட்டையைத் தடுப்பாக நிறுத்தினார்.

அட்டையின் இந்தப் பக்கம் என் கூடம். அந்தப் பக்கம் கோயில் முற்றம். ஒரு நூல் செங்கல், ஒரு நூல் குங்குமம், கைவிரல் தூரத்தில். அந்த மேசையில் வைத்துதான் இடது கையை மறுபடி போட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அங்கிள் இன்னொன்றும் காட்டினார். என் உள்ளங்கையை இரண்டு வெளிச்சத்திலும் மாறி மாறி நீட்டச் சொன்னார். சாதாரண விளக்கில் உள்ளங்கை சாம்பல் பூத்தது போல் இருந்தது. மற்றதில் ரத்த ஓட்டம் தெரிந்தது. நூல் கையில் இல்லாத நாளில் கடையில் நின்று சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் சற்று நேரம் கொடுக்க வேண்டும். கண் எந்த வெளிச்சத்துக்கும் பழகி அதையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

வெள்ளைப் பருத்தி மட்டும் அந்த நல்ல விளக்கிலும் பகலில் போலப் பளீரிடவில்லை. காரணம் கேட்டதற்கு மகன் பிறகு சொன்னான். இப்போதைய வெள்ளைத் துணிகளில் வெளுப்புக்கென்று ஒரு சாயம் உண்டு, வெயிலில் உள்ள ஊதாவும் புறஊதாவும் பட்டால்தான் அது நீலமாக மினுங்கும். நீலச் சில்லு வைத்த விளக்கில் அந்த ஊதா இல்லை. ஊதாச் சில்லிலிருந்து தொடங்கும் எல்இடிகளும் வந்துவிட்டன. சோல் செமிகண்டக்டர் நிறுவனம் 2017இல் சன்லைக் என்ற பெயரில் கொண்டுவந்தது அந்த வகை. வெள்ளை மேல் வெள்ளை போடும் சிக்கன்காரி வேலைக்காரர்கள் அதைத் தேடுவது நல்லது. என் வேலை பட்டும் ஜரியும். அந்தக் கூடுதல் விலையை நான் கொடுக்கவில்லை.

நிறத்தின் சூடு எவ்வளவு வேண்டும் என்பதில்தான் கடையில் அதிக நேரம் யோசித்தேன். 2,700 கெல்வின் என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். 6,500 என்றால் நம் அடுக்குமாடி வீடுகளில் பாதியில் எரியும் நீலவெள்ளை. பலர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். 'டேலைட்' என்று பெட்டியில் இருந்தால் பகல் போல நிறம் காட்டும் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தச் சொல் வெளிச்சத்தின் சாயலை மட்டும் சொல்கிறது, அதற்குள் என்னென்ன நிறங்கள் இருக்கின்றன என்பதைச் சொல்வதில்லை. என் கூடத்து விளக்கு 'டேலைட்'தான். பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தேன், 865 என்று இருந்தது. இந்த மூன்று இலக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பணம் மிச்சமாகும். முதல் எண் 8 என்றால் ஆர்ஏ எண்பதுகளில். அடுத்த 65 என்றால் 6,500 கெல்வின். 940 என்றால் ஆர்ஏ தொண்ணூறுகளில், 4,000 கெல்வின். 9இல் தொடங்காத எதையும் நான் இப்போது கையில் எடுப்பதில்லை.

தலைகீழான தவறும் உண்டு. பழைய குண்டு பல்புக்கு ஆர்ஏ 100. ஆனாலும் அதன் கீழே எம்எஸ் நீலம் கறுப்பாகத்தான் தெரியும். ஏனென்றால் 5,000 கெல்வினுக்குக் கீழே உள்ள விளக்கை அதே சூட்டில் கனலும் பொருளின் ஒளியோடுதான் ஒப்பிடுகிறார்கள், வெயிலோடு இல்லை. அந்த ஒளியிலேயே நீலம் குறைவு. ஆக எண் மட்டும் 97 என்று பார்த்து 2,700இல் வாங்கிவிட்டு, நீலமும் கறுநீலமும் பிரியவில்லை என்று வருந்தக் கூடாது.

திருப்பூரில் சாய ஆலையில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். "அக்கா, நாங்க ஒரே லைட்டுல பாக்கவே மாட்டோம்" என்றான். அவர்களிடம் கலர் மேட்சிங் கேபினட் என்று சாம்பல் பூசிய பெட்டி இருக்கிறது. பொத்தானைத் தட்டினால் பகல் ஒளி, ஐரோப்பியக் கடைகளின் குழல்விளக்கு ஒளி, குண்டு பல்பு ஒளி என்று மாறும். எல்லாவற்றிலும் இரண்டு துண்டும் ஒன்றாகத் தெரிந்தால்தான் தேறியது. ஒரு வெளிச்சத்தில் ஒட்டி, இன்னொன்றில் பிரியும் சாயங்கள் உண்டு. என் இரண்டு அரக்கும் அந்த ரகம். அவன் சொன்னதைக் கேட்டு இரண்டு விளக்காக வாங்க முடிவெடுத்தேன். வேலை செய்ய 5,000 கெல்வின். சரிபார்க்க 2,700. நம் கல்யாணங்களில் முகூர்த்தம் பகலில், வரவேற்பு இரவில் மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில். ஒரே ரவிக்கை இல்லாவிட்டாலும் ஒரே தையல்காரிதான் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். 6,500ஐ விட்டதற்குக் காரணம், சின்ன அறையில் நள்ளிரவில் அது எனக்குத் தலைவலி தருகிறது. அச்சுத்தொழிலில் நிறம் பார்க்க 5,000தான் வைத்திருக்கிறார்கள் என்பதும் தைரியம் கொடுத்தது.

செலவு: சுருள் மீட்டர் 18 வெள்ளி, முழு மீட்டராகத்தான் தருவார், இரண்டு மீட்டர் 36. பால் நிற மூடியோடு 1.2 மீட்டர் அலுமினியப் பட்டை 14. முத்திரை உள்ள 24 வோல்ட் அடாப்டர் 28. சுவிட்சும் இணைப்பும் 8. மொத்தம் 86 வெள்ளி. இணையத்தில் வாங்கியதைப் போல நான்கு மடங்குக்கு மேல். மேற்கூரையில் ஒயர் இழுத்து மாட்ட வேண்டுமென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைத்தான் அழைக்க வேண்டும். அதனால் செருகி மாட்டும் வகையாகவே வைத்துக்கொண்டோம்.

இப்போது ஏழு மாத அனுபவம்.

சுருள் மீட்டருக்கு 14 வாட் சுமார். 1.2 மீட்டருக்கு 17 வாட். சட்டத்துக்கு மேலே அலமாரியின் அடிப்பக்கத்தில், துணியிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டியிருக்கிறது. துணியில் விழும் வெளிச்சத்தை மகன் போனில் அளந்தபோது 600 லக்ஸ் காட்டியது. போன் அளவு துல்லியமில்லை, ஆனால் அலுவலக மேசைக்கு 500 என்பதால் ஒரு மதிப்பு கிடைக்கிறது. கறுப்புப் பட்டில் போடும்போது எனக்கு இது போதவில்லை. இது இந்த வகை விளக்கின் இயல்பான விலை என்று புரிந்துகொண்டேன். நம் கண் பச்சையை ஒட்டிய ஒளிக்குத்தான் மிகக் கூர்மை. ஆழ்ந்த சிவப்பு எவ்வளவு கொடுத்தாலும் பிரகாசக் கணக்கில் அற்பமாகத்தான் சேரும். அதனால் அதே வாட்டில் சாதாரணச் சுருள் இன்னும் பளிச்சென்று இருக்கும். மீந்த 80 சென்டிமீட்டரையும் பக்கவாட்டில் மாட்டியதும் கறுப்புத் துணி சரியாயிற்று.

நீளமான விளக்காக இருப்பது ஆரிக்கு வரம். ஒற்றை மேசைவிளக்கு வைத்தால் என் வலது கையின் நிழல் ஊசி இறங்கும் இடத்தில்தான் விழும். இது முழுச் சட்டத்துக்கும் இருபுறமிருந்தும் வருவதால் நிழல் கரைந்துவிடுகிறது. கீழே நூலைப் பிடிக்கும் இடது கைக்கு எதுவும் உதவாது, அது பழக்கத்தில்தான் வேலை செய்கிறது. பால் மூடி போடாமல் ஒரு நாள் முயன்றேன். குந்தன் கல் ஒவ்வொன்றிலும் நூறு புள்ளிகள் குத்தின. சமிக்கி வைத்த இடம் கண்ணில் கூசியது. மூடி போட்டதும் அடங்கியது. மூடி வாங்கும்போது வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள், மஞ்சள் படிந்த மூடி நல்ல விளக்கையும் கெடுக்கும்.

மேசைவிரிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். என்னுடையது இளஞ்சிவப்பு. நல்ல விளக்கு வந்த பிறகும் தந்த நிறப் பட்டு ஏன் சிவந்து தெரிகிறது என்று இரண்டு நாள் குழம்பினேன். விரிப்பின் நிறம் துணியின் அடியில் எதிரொளித்துக்கொண்டிருந்தது. அரபு ஸ்திரீட்டில் சாம்பல் நிறப் பருத்தி ஒன்றரை மீட்டர் வாங்கி விரித்தேன். திருப்பூர்ப் பெட்டி ஏன் சாம்பல் பூசியிருக்கிறது என்று அன்றுதான் விளங்கியது.

சிமிட்டல் இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மோசமான அடாப்டரில் எல்இடி நொடிக்கு 100 முறை துடிக்கும். கண் கவனிக்காவிட்டாலும், வேகமாக ஆடும் ஆரி ஊசி துண்டு துண்டாகத் தெரியும். ஒரு பென்சிலை விளக்கடியில் வேகமாக ஆட்டிப் பாருங்கள், விசிறி போல் வழுக்கிக்கொண்டு போனால் நல்லது, தனித்தனிக் குச்சிகளாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். இதனால்தான் மலிவான டிம்மரும் வேண்டாமென்றேன். அவற்றில் பல, விளக்கை அணைத்து அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன.

குறை: பட்டையை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியிருந்தோம். மூன்றாம் மாதம் ஓர் இரவு மொத்தமாகச் சட்டத்தின் மேல் விழுந்தது. நம் ஊர் ஈரக்காற்றுக்கும் அலுமினியச் சூட்டுக்கும் அந்தப் பசை நிற்காது. மறுநாளே திருகாணி வைத்த பிடிகளுக்கு மாறினோம். இரண்டாவது, அந்தக் கடை ஞாயிறு பூட்டியிருக்கும், வார நாளில் சீக்கிரம் அடைத்துவிடுவார். வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை மட்டும்தான். மூன்றாவது, சுருளில் உற்பத்தியாளர் பெயர் எதுவும் அச்சிடவில்லை. தாளை நம்பித்தான் வாங்க வேண்டும். அடுத்த சுருள் இதே தரத்தில் வருமா என்பதற்கு என் நூல்பைதான் சாட்சி, அதனால் ஒவ்வொரு முறையும் எடுத்துப் போவேன்.

சரிபார்க்கும் விளக்காகப் பிலிப்ஸ் எக்ஸ்பர்ட்கலர் வாங்கினேன். ஜியூ10 பிடியில் மாட்டும் குவிவிளக்கு, 5.5 வாட், எண் 927, ஆர்ஏ 97. பழைய கிளிப் விளக்கு ஒன்றில் மாட்டியிருக்கிறேன். மண்டப வெளிச்சத்தில் ரவிக்கை எப்படி இருக்கும் என்பதை அப்படியே காட்டுகிறது. ஜரி இதன் கீழே எரிகிறது. 5,000இல் எலுமிச்சைச் சாயல் காட்டிய மலிவு ஜரி இதில் தங்கமாக நடிக்கும் என்பதால், ஜரியை நான் எப்போதும் வெள்ளை விளக்கில்தான் தேர்ந்தெடுக்கிறேன். கதிர் குறுகியது, ஒரு கை அளவுக்குத்தான் விழும். வேலை விளக்காக இதை மட்டும் வாங்காதீர்கள்.

நிறத்தை இன்னும் கூட்டிக் காட்டும் விளக்குகளும் கடையில் காட்டினார்கள். 2015இல் வந்த டிஎம்-30 என்ற புதிய அளவுமுறையில் 99 நிறங்களை வைத்துச் சோதிக்கிறார்கள், அதில் ஆர்ஜி என்ற எண் 100ஐத் தாண்டினால் நிறம் உள்ளதைவிடத் தூக்கலாகத் தெரியும். இறைச்சிக் கடையில் கறி சிவந்து தெரியப் போடுவார்களே, அந்த வழி. பட்டு அதன் கீழே மயக்கும். பொருத்துகிறவர்களுக்கு அது ஆகாது. 100ஐ ஒட்டி இருப்பதே வேண்டும்.

மயில்கழுத்துத் துண்டுக்கு மட்டும் இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம், துணியைச் சாய்க்கச் சாய்க்க நீலமும் பச்சையும் மாறும். சட்டத்தில் தட்டையாக இழுத்துக் கட்டினால் ஒரே முகம்தான் தெரியும். எந்த விளக்கும் அதற்கு உதவாது. நூல் தேர்ந்தெடுக்கும்போது துணியைத் தோளில் போட்டுக்கொண்டு விளக்கின் முன் நடந்து பார்க்கிறேன்.

பூவேலை மட்டும் செய்கிறவர்கள், ஒரே கடை நூலை ஒரே தடவையில் வாங்கிவிடுகிறவர்கள் இவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை. 9இல் தொடங்கும் ஒரு நல்ல பல்பு போதும்.

கல்யாணம் முடிந்து எட்டு மாதம் கழித்து ரவிக்கையைத் திரும்ப வாங்கி வந்தேன். இடது கையைப் பிரிக்க இரண்டு இரவு, மறுபடி போட நான்கு இரவு. தீபாவளியன்று காலையில் பெண் அதை உடுத்திக்கொண்டு எங்கள் காரிடாரில் நின்றாள். தங்கை அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, வெயில் பக்கம் திருப்பி, கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "அக்கா, நேரமாச்சு, மாவை எடு" என்று உள்ளே போனாள்.